மாரிமுத்து மாமா ஏறாத வண்டி

இலங்கையில் தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். வாசலில் வார்னிஷ் பூசி நிறுத்தியிருந்த மாட்டு வண்டியில் புளித்த ரப்பர் பால் வாடை இன்னும் போகவில்லை. அது மாரிமுத்து மாமாவின் வண்டி. வாலிபத்தில் சித்திரைப் புத்தாண்டு வண்டிப் பந்தயங்களில் பந்தய வண்டியில் நின்றுகொண்டே ஓட்டி ஜெயித்தவர், பிறகு முப்பது வருஷம் அதே கொட்டகையில் மாடு பூட்டி, கழுத்துமணி குலுங்க, ரப்பர் பால் உறைவதற்குள் ஃபெக்டரியில் சேர்க்க, மழையிலும் அட்டைக்கடியிலும் வெறுங்காலில் வண்டியோடு நடந்தே மேடேறினார். வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் ஏறமாட்டார். கேட்டால், "அதுங்களும் களைச்சிருக்கு, தாயி" என்பார்.

இன்று அதில் தோட்டத்து மேனேஜர் பேரில் ஒரு பலகை தொங்குகிறது: 'பெரிய துரையின் சவாரி வண்டி'.

காவலுக்கு நின்ற பையனிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"எழுதித் தந்தாங்க, மாட்டுனோம். எனக்கென்ன தெரியும், அக்கா?"

"தொர இதுல ஒருநாளும் ஏறுனதில்ல. ஓட்டுன மனுசனே ஏறுனதில்ல!"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே ஹோட்டலுக்கு வந்த இரண்டு பேர் செருப்புக் காலோடு அதில் ஏறி உட்கார்ந்து, என்னிடமே தங்களைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள்.