கேட்டுக்கு வெளியே ஏழு மாதம்

1971-ஆம் வருடம் என் மனைவி கிரேஸ் தாம்பரம் சானடோரியத்தில் காசநோயால் இறந்துபோனாள். மகள் ரூபிக்கு அப்போது மூன்று வயது. கிரேஸுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவன் நான். என் மூச்சிலும் அந்த நோய் இருக்கும் என்று நம்பினேன். பரிசோதித்துப் பார்க்கவும் பயம். ஆகவே பிள்ளையைச் சேலையூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டேன்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அங்கே போவேன். உள்ளே போகமாட்டேன். பன் பொட்டலத்தை வாட்ச்மேன் முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று அவள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். உள்ளே வராத காரணத்தை அவரிடம் மட்டும் ஒரு நாள் சொல்லியிருந்தேன். என் மூச்சு அவள்மேல் படாமல் இருப்பதுதான் தகப்பன் செய்யக்கூடிய நன்மை என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

ஏழாம் மாதம் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பார்வையாளர் நோட்டில் ஒரு முறைகூட என் கையெழுத்து இல்லையாம். தகப்பன் கைவிட்ட பிள்ளை என்று சொல்லி, வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை இல்லத்தின் நிர்வாகக் குழுவின் முன் வரவேண்டும்.

"ஆண்டவரே, கிரேஸை எடுத்துக்கொண்டீர், இவளையுமா?" என்று முழங்காலில் விழுந்து கதறினேன். பயம்தான் வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவியம்மா, "ஏழு மாசமா ஒரு தடவைகூட வரலையே சார். இப்ப மட்டும் என்ன பாசம்?" என்று கேட்டார். நான் வந்ததற்கு என்ன அத்தாட்சி?

அப்போது டீ கொண்டுவந்த முனுசாமி, யாரும் கேட்காமலே பேசினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒரு ஞாயித்துக்கெயமகூட தவறாம வந்துகினு தான் கீறாரு. கொயந்தைக்கு நோவு ஒட்டிக்கும்னு கேட்டாண்டயே நின்னு அய்துட்டுப் பூடுவாரு."

முனுசாமி எங்கள் சபைக்காரர் அல்ல. ஆனாலும் என் ஜெபத்துக்குப் பதில் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

தலைவியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மொதல்ல எக்ஸ்ரே எடுங்க. நெஞ்சு சுத்தமா இருந்தா வாராவாரம் உள்ள வந்து குழந்தைகூட உக்காருங்க. அப்புறம் முடிவு பண்றோம்."

எக்ஸ்ரே முடிவுக்காகக் காத்திருந்த மூன்று நாளும் பயந்ததுபோல் நான் என்றுமே பயந்ததில்லை. இருமினால் உடனே கைக்குட்டையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்ப்பேன். நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே போன முதல் ஞாயிறு ரூபி என்னைக் கண்டு ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். எக்ஸ்ரேக்காகக் காத்திருந்த நாள்களைவிட அது வலித்தது. நாலாவது ஞாயிறு, நான் பிட்டுக் கொடுத்த பன்னை வாங்கித் தின்றாள். குழுவும் சம்மதிக்க, கிறிஸ்துமஸுக்குமுன் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

இப்போது அவள் நாலாம் வகுப்பு. தினமும் நான்தான் சடை பின்னுகிறேன். "கோணலா பின்றீங்கப்பா" என்று தினமும் திட்டு வாங்குகிறேன். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிள்ளையைத் தூரத்தில் வைத்துவிட்டு அழுகிற தகப்பன் யாராவது என் இந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால், நம்பி ஜெபியுங்கள். கர்த்தர் கேட்கிறார். ஆனால் ஆமென் சொன்னதும் எழுந்து போய், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.