மஞ்சள் வயரில் வந்த மாமன் பட்டு

தாராவியில் என் கடைக்கு வருகிற பழைய டிவிகளில் பாதிக்கு ஒரே சீக்குதான். பின்பக்கம் வீடியோ வயர் செருகும் துளை ஆடிப்போயிருக்கும். வயரைப் பிடுங்குவதில் நம் ஜனங்களுக்குள்ள வீரம் அப்படி. விரிசல் விட்ட இடத்தில் ஈயம் வைத்துச் சுட்டால் படம் வந்துவிடும். என் வீட்டு டிவியும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரிப்பேர்காரன் வீட்டில் வேறெப்படி இருக்கும்?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஆட்களில் தாய்மாமன் வராமல் பெண் மணவறை ஏற மாட்டாள். மாமனோ இதே ஊரில், மான்குர்த்தில் இருக்கிறார். என் மனைவி அந்த அண்ணனோடு பேசிப் பல வருஷமாகிவிட்டது. உலகப் பிரச்சினைதான் காரணம்: மகளின் சடங்குக்கு அவர் கொண்டுவந்த பட்டு, யார் வீட்டிலோ வந்த பழைய பச்சைச் சேலையாம். புதுச் சிவப்புப் பட்டு என்று அவர் சத்தியம் செய்தார். எடுத்துப் பார்க்கலாம் என்றால், கோபத்தில் என் மனைவி அன்றைக்கே அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். மகளைக் கேட்டால், "முஜே மத் பூச்சோ", என்னைக் கேட்காதீர்கள் என்று இந்தியில் நழுவினாள்.

மிச்சம் இருந்த சாட்சி, சடங்கு வீடியோ கேசட்.

"போட்டுப் பாப்போம். செவப்பா இருந்தா நானே அழைக்கேன். பச்சைன்னா அந்தப் பேச்சே கெடையாது" என்றாள் மனைவி.

கடையிலிருந்து பழைய வி.சி.ஆரைத் தூக்கி வந்தேன். எங்கள் டிவியில் மஞ்சள் வீடியோ வயருக்கென்று தனித் துளை கிடையாது; பச்சைத் துளையில்தான் செருக வேண்டும். ஆடிய துளையைப் பற்றவைத்து வயரைச் செருகினேன். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். மச்சான் தாம்பாளத்தோடு நடந்து வந்தார்.

"பாத்தியளா, பச்சை!" என்றாள். கறுப்பு வெள்ளையிலும் அவளுக்குப் பச்சை தெரிந்தது.

மெனுவில் 'ஏ.வி.' என்று மாற்றினால் வண்ணம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிஜமாகவே பச்சையாக இருந்துவிட்டால் மகள் கல்யாணம் என்ன ஆகும்? பயந்துகொண்டேதான் ரிமோட்டை அமுக்கினேன்.

நல்ல குங்குமச் சிவப்பு.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். மச்சானுக்கு அப்போது தலை நிறைய முடி.

"ஒங்க டிவில கலரே சரியில்ல. வயர மாத்திச் சொருவியிருக்கிய" என்றாள்.

என் தொழிலுக்கு நேர்ந்த அந்த அவமானத்தை வாங்கிக்கொண்டேன். அவள் எழுந்து போய் ஃபோனை எடுத்தாள்.

"அண்ணே, நாந்தான். பிள்ளைக்குக் கல்யாணம், வந்துருங்க. இந்தத் தடவையாவது பச்சையில எடுத்துட்டு வந்துராதீங்க."