மாட்டின் வயிற்றைத் திறக்கச் சொன்ன நாள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நிந்தவூரில் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டு முற்றத்தில் உழ்ஹிய்யாவுக்காகக் கட்டியிருந்த மாடு நுரை தள்ளிச் செத்தது. அறுக்கப்போகும் மாட்டுக்கு அக்கம்பக்கத்தார் இலைகுழை கொண்டுவந்து கொடுப்பது எங்கள் பகுதியில் நன்மையான காரியம். அன்று பக்கத்து வீட்டுப் பெண் றஹ்மத்தும் ஒரு கட்டுப் புல் போட்டிருந்தார். ராத்தாவின் கணவரான மச்சானுக்கும் றஹ்மத்துக்கும் வேலிச் சண்டை இருந்தது.

"அவள்தான் நஞ்சு வெச்சிரிக்காள். பொலிசுக்குப் போறன்," என்றார் மச்சான். றஹ்மத் அழுதபடி நின்றார். மாட்டைப் புதைக்கக் குழி வெட்டத் தொடங்கினார்கள். நான் குழிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாட்டு டொக்டர் வந்து வயித்தத் திறந்து பாக்கட்டும். அதுவரைக்கும் புதைக்க உடமாட்டன்."

"பொம்புளைக்கு இஞ்ச என்ன வேல?"

"பழி உழுந்ததும் பொம்புளையிலதானே மச்சான்?"

டொக்டர் வந்து திறந்தார். வயிறு நிறைய மரவள்ளி இலை. "இளங்குருத்து. ஒரேயடியா இவ்வளவு திண்டா மாட்டுக்கு நஞ்சுதான். ஆரு போட்ட?" என்று கேட்டார்.

"நான்தான். தோட்டத்துல வெட்டினது சும்மா கிடந்திச்சு," என்ற மச்சான், அதே மூச்சில், "எல்லாம் அல்லாஹ் எழுதின விதி, கத்ர்," என்றார்.

"அவ போட்டா நஞ்சு, நீங்க போட்டா கத்ரா?"

எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். மச்சான் றஹ்மத்திடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

பெருநாள் பகல் சோற்றை நான் றஹ்மத் வீட்டில் சாப்பிட்டேன். ராத்தா வீட்டில் இன்றும் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அன்று பேசாமல் ஒதுங்கி நின்றிருந்தால், எந்த வீட்டுச் சோறும் எனக்கு இறங்கியிருக்காது.