கூண்டுக்குள் இரண்டு மணி நேரம்

பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறவர் சங்கரி. அவர் குத்தினால் வலிக்காது என்று பெயர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், “கண்ணாடி போட்ட அக்கா இருக்காவளா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்கள்.

போன சித்திரையில் சேரன்மகாதேவி ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கறிக்கோழிகள் தலைகீழாகத் தொங்கின. வேகத்தடையில் வண்டி குதித்தபோது ஒன்று நழுவி விழுந்தது. ஓட்டியவர் கவனிக்கவில்லை. சங்கரி அதை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பேட்டை வருவதற்குள் அது செத்துப்போனது. இரண்டு கால்களும் மூட்டில் கழன்றிருந்தன.

அந்தக் கால்களை அவரால் மறக்க முடியவில்லை. விலங்குகளுக்காகப் பேசுகிற சின்னக் குழு ஒன்று ஊரில் இருப்பதைக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். மொத்தமே ஐந்து பேர். அதை நடத்துகிற கணேஷ்ராம் கல்லூரி ஆசிரியர். நோட்டீஸை யாரும் வாசிப்பதில்லை, ஆள் கூண்டில் உட்கார்ந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார் அவர். மற்றவர்கள் தயங்கினார்கள். “நான் உட்காருதேன்” என்றார் சங்கரி.

ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட் பக்கம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். மூன்றடி உயரக் கம்பிக் கூண்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சங்கரி உட்கார்ந்தார். மேலே ஓர் அட்டை: ‘வெட்டும்வரைக்குமாவது வதைக்காதீர்கள்.’

கூட்டம் சேர்ந்தது. கறி வாங்க வந்தவர்கள் பையோடு நின்று செல்பியும் வீடியோவும் எடுத்தார்கள். “கிலோ என்ன விலை, அண்ணாச்சி?” என்று ஒருவர் கணேஷ்ராமைக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். “ஏ, இவிய எங்க அம்மைக்கு ரத்தம் எடுத்தவிய லா! மனுச ரத்தத்தை உறிஞ்சிட்டு கோழிக்கு அழுதாவளே” என்றது இன்னொரு குரல். சங்கரிக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குனிந்து, “இங்கன எதுக்கும்மா இருக்கீய? மேலப்பாளையத்துல பாய் கடை வாசல்ல போய் உட்காருங்க. நாங்க ஆளு கொண்டு வாரோம்” என்றார்.

“எங்க எதிர்த்த வீட்டு அண்ணாச்சியும் நெத்தி நிறைய திருநீறு பூசிட்டுத்தான் கோழி வாங்குதாரு. அவரு வாசலுக்கும் ஆளு கொண்டு வாரீயளா?”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நேரம் முடிந்து கணேஷ்ராம் தாழ்ப்பாளை இழுத்தார். வரவில்லை. கம்பி வளைந்து தாழ்ப்பாள் இறுகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. முதலில் இதற்கும் சிரித்தார்கள். சங்கரியின் முகம் வெளிறி, மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. எதிர்க்கடையிலிருந்து கோழி வியாபாரி ரசீத் கடப்பாரையோடு ஓடிவந்தார். இரண்டே நெம்பில் கதவு பிய்ந்தது.

“பைய வாங்க அக்கா. காலு மரத்திருக்கும்.”

தன் கடை ஸ்டூலில் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபமும் இருந்தது.

“நீங்க பொறந்ததுல இருந்தே சைவம்னு ஊருக்கே தெரியும். இதுல உங்களுக்கு என்ன நட்டம்? எனக்கு இதான் பிழைப்பு.”

சங்கரி சோடாவைக் குடித்து முடித்தார்.

“கடையை மூடச் சொல்லல, தம்பி. கூடையில வச்சுக் கொண்டு வாங்க. தொங்கவிடாதீய. ரெண்டு மணி நேரம் மடக்கி வச்சதுக்கே என் காலு எனக்கு இல்ல.”

“பார்க்கலாம்” என்றார் ரசீத்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் பூராவும் பரவிவிட்டது. பாட்டுப் போட்டு, ‘கோழி அக்கா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வீட்டில் கணவர் குமரகுருபரன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “முட்டி வலி எப்படி இருக்கு?” என்று தைலக் குப்பியை நீட்டினார். நிலையத்தில் ரத்தம் கொடுக்க வந்தவர்களில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் ஊசி எடுத்த பிறகும் எழுந்திருக்காமல், “நானும் தினம் பாக்கேன் அக்கா, அப்படித் தொங்குததை. சொல்லத்தான் தெரியல” என்றாள்.

அடுத்த மாதம் தூத்துக்குடியில் கூண்டு வைக்கலாம் என்று கணேஷ்ராம் உற்சாகமாக வந்தார். சங்கரி மாட்டேன் என்றுவிட்டார்.

“உள்ள இருந்தப்போ ஒருத்தரும் கோழியைப் பத்தி என்கிட்ட கேட்கல, சார். வேடிக்கைதான் பார்த்தாவ. வெளிய வந்து ஸ்டூல்ல உட்கார்ந்த பொறவுதான் பேச்சே நடந்துச்சு.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கடை கடையாகப் போகிறார். சிலர் உட்காரச் சொல்கிறார்கள், சிலர் விரட்டுகிறார்கள். மார்க்கெட்டைச் சுற்றி இருக்கிற பதினொரு கடைகளில் நான்கில் பிளாஸ்டிக் கூடை வந்துவிட்டது. அதில் ரசீத் கடையும் ஒன்று. வண்டியில் கூடை ஆடுகிறது, சரியாகக் கட்ட வரவில்லை என்று ஒவ்வொரு வாரமும் அவர் குறை சொல்கிறார். போன வாரம் சங்கரி ஒரு பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேருமாக இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். ஆடவில்லை.