வலி காணாமல் போன செவ்வாய்க்கிழமை

மார்பு வலித்த அந்த மூன்று வாரமும்தான் நான் நிம்மதியாக இருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

அதற்கு முந்தைய வருடம் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. இரண்டு கோடு தெரிந்த அன்றே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தோம். ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. சொன்னவர்களுக்கெல்லாம் மறுபடி போன் போட்டு, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கொடுமை வேண்டாமென்று, இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நானும் என் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம். அவருக்கென்ன, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மலையேறி வருவார், ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவார். மிச்ச நாளெல்லாம் அந்த ரகசியத்தோடு குடித்தனம் நடத்தியது நான்தான். நீலகிரி மலையில், ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். குவார்ட்டர்ஸில் நான் ஒருத்தி மட்டும்.

ஆறாவது வாரத்தில் மார்பு கனத்தது. குளித்துவிட்டுத் துண்டு பட்டாலே உயிர் போனது. காம்பைச் சுற்றிய வட்டம் கறுத்து, அதில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் புடைத்தன. தோலுக்கடியில் பச்சை நரம்பு ஓடியது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாருடைய உடம்போ போலிருந்தது. ஒரு பெண்ணிடம் காட்டி, இது சரிதானா என்று கேட்க மனசு கிடந்து தவித்தது. யாரைக் கேட்க? அம்மா தினமும் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து போன் பண்ணுவாள்.

"சாப்புட்டயா கண்ணு?"

"சாப்புட்டேம்மா."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டு அழுவேன்.

ஆனாலும் அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. போன தடவை வலி நின்ற மூன்றாம் நாள்தான் எல்லாம் முடிந்தது. ஆகவே வலி இருக்கும்வரை குழந்தை இருக்கிறது. எந்த டாக்டரும் சொன்னதில்லை, நானே முடிவு கட்டியது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக அழுத்திப் பார்ப்பேன். வலித்தால் எழுந்து பல் தேய்ப்பேன்.

ஒன்பதாவது வாரம் பிறந்தது. அந்தத் திங்கட்கிழமை சரியான குளிர். இரண்டு ஸ்வெட்டரை இறுக்கிப் போட்டதில் வலி தாங்கவில்லை. இந்த மலையில் சளியோ, தலைவலியோ, முதுகுப் பிடிப்போ, எதுவானாலும் கை தானாக யூகலிப்டஸ் தைலப் பாட்டிலுக்குப் போகும். என் கையும் போனது. இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டேன். ஐயோ, அது எரிந்த எரிச்சல்! சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் அடங்கவில்லை. என் புத்தியை நானே திட்டிக்கொண்டு படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விழித்தபோது மேல்தோலில் எரிச்சல் மட்டும் இருந்தது. கனம் இல்லை. அழுத்தினேன், வலி இல்லை. ஆபீஸ் பாத்ரூமில் மறுபடி அழுத்தினேன். இல்லை. தைலம் தேய்த்து என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கணவர் போனை எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, குன்னூர் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"தைலமா? அங்கயா? ஏனுங்க, படிச்ச புள்ளதானுங்க நீங்க?" என்று சிரித்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்க சிஸ்டர். இங்க எனக்கு உசுரே போகுது."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையை இழுத்து மூடினார். பார்த்தார்.

"தோலு பொசுங்கியிருக்குது, ஆறிப்போயிருமுங்க. ஒருக்கா மேல தேச்சதுக்கெல்லாம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. இனி அங்க சோப்புக்கூட வேண்டாம், வெதுவெதுன்னு தண்ணி ஊத்துனாப் போதும். உள்பாடிய இத்தன இறுக்கமாப் போட்டா வலிக்காம என்ன பண்ணும்? ஒரு சைஸ் பெருசா, பருத்தியில வாங்குங்க. ராத்திரிக்கும் மெத்துனு ஒண்ணு போட்டுக்கங்க. இந்தப் புள்ளியெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், கிள்ளிக் கிள்ளிப் பாக்காதீங்க. கட்டி தட்டுப்பட்டாலோ, செவந்துபோய்க் காய்ச்சல் அடிச்சாலோ உடனே வந்துருங்க."

"வலி நின்னுருச்சே?"

"ஒரு நாளைக்கு வலிக்கும், ஒரு நாளைக்கு வலிக்காது. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஸ்கேன்ல பாத்தாத்தான் தெரியும்."

பொய்யாகவாவது ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் ஆத்திரமாக வந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டர் பேசவே இல்லை. நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். போன தடவையும் இப்படித்தான், டாக்டர் பேசாமலேயே இருந்தார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை.

"துடிப்பு நல்லா இருக்கு. வெளிய உங்க வீட்டுக்காரர் இருந்தா கூப்பிடுங்க, அவரும் பாக்கட்டும்."

"யாரும் வரலீங்க டாக்டர்," என்றேன். நல்ல செய்தி கேட்டும், வெளியே பெஞ்சில் எனக்கென்று ஓர் ஆள் இல்லையே என்றுதான் அழுகை வந்தது.

கதவருகே நின்ற அந்த நர்ஸம்மா, "ஆரும் வரலீன்னா என்னங்க, நான் பாக்கறேன்," என்று பக்கத்தில் வந்தார். என் தோளில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா, என்ன ஓட்டம் ஓடுது பாருங்க!"

அதன் பிறகுதான் நான் மானிட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். துடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் பாக்கியிருந்தது. அதுவரை பெற்ற தாய்க்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. என் பிள்ளையை என்னோடு சேர்ந்து ஆசையாகப் பார்த்தது அந்த ஒரு அம்மாதான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.