கிரேட் பேரியருக்கு மிக்சியோடு போனோம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. ஆக்லாந்து துறைமுகத்தில், கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் கப்பலுக்காக வரிசையில் நின்றோம். எங்கள் காரின் பின் சீட்டில் இரண்டு கம்பளி, அரிசி, ஐஸ் பெட்டிக்குள் இட்லி மாவு, துண்டில் சுற்றிய மிக்சி.

"ரெண்டு நாளைக்கு மிக்சியுமோ?" என்று சுகந்தி கேட்டாள்.

"சட்னி இல்லாம இட்லிய எப்படித் திங்கிறது?" என்றேன்.

சுகந்தி என் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரி, ஆக்லாந்தில் நர்ஸ். நான் மதுரைக்காரன், மென்பொருள் வேலை, வீடு ஆக்லாந்தின் புறநகரான பிளாட் புஷ்ஷில். கிரேட் பேரியர் தீவின் மருத்துவ நிலையத்தில் அவளுக்கு இரண்டு வருட வேலை வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "நீங்கள் வராட்டி நானும் போகேல்ல. ஆனா பாக்காமல் வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ" என்று ஒரே பிடியாக நின்றாள். சரி, பார்த்துவிட்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நான் கிளம்பினேன்.

ஆக்லாந்திலிருந்து வடகிழக்கே சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், கப்பலில் நாலரை மணி நேரம். ரங்கிடோடோ எரிமலைத் தீவைத் தாண்டியதும் நகரம் பின்னால் சிறுத்துப் போனது. பெருங்கடலின் அலையை மறித்து வளைகுடாவைக் காப்பதால் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் நாங்கள் போகும் தீவுக்குத் 'தடுப்பு' என்ற பொருளில் 'பேரியர்' என்று பெயர் வைத்தான். அவனுக்குப் பல தலைமுறை முன்பே இங்கே குடியிருந்த மாவோரி மக்களுக்கு இது அவோடேயா. ஒரு காலத்தில் தனி நிர்வாகம், இன்று ஆக்லாந்து மாநகரோடு சேர்ந்தது. மாநகரின் ஒரு பகுதி என்றுதான் பெயர். மின்கம்பி இங்கே வரவே இல்லை. குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

கப்பலில் எங்கள் காருக்கு முன்னால் மரப்பலகை ஏற்றிய லாரி நின்றது. அதன் டிரைவர் தீவுக்காரர், மாவோரி, காபி குடித்தபடி பேச்சுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் தீவின் கௌரி என்கிற பிரமாண்ட மரங்களை வெட்டி, ஓடைகளில் அணை கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கடலுக்கு அடித்துத் தள்ளினார்களாம். ஆக்லாந்தின் பழைய வீடுகளில் அந்த மரமும் இருக்கிறதாம். "நாங்கள் உங்கள் ஊருக்கு மரம் கொடுத்தோம். இப்போது என் மகள் வீட்டுக்கு அங்கிருந்து பலகை வாங்கி வருகிறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சங்கடமாக இருந்தது.

மத்தியானம் ட்ரிஃபீனா துறையில் இறங்கினோம். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் குறுகிய சாலை. எதிரே வந்த ஒவ்வொரு காரோட்டியும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார். முதல் ஆளை எங்கோ பார்த்தவர் என்று நினைத்தேன். நாலாவது ஆளுக்கு நானும் விரலைத் தூக்கினேன். வழிக்கடையில் ஒரு முட்டைக்கோஸ் ஒன்பது டாலர். "பார்த்தியா!" என்றேன் வெற்றியோடு. சுகந்தி கேளாதவள்போல் வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் தங்கிய சிறிய வீடு ஹெலன் என்கிற அறுபது வயது அம்மாவுடையது. எதிரே இருந்த அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சோலார், ஒரே பேட்டரி. "பெரிய சாமான் எதையும் மாட்டுவதற்கு முன் வெயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என்னைக் கேளுங்கள்" என்றார். தீவில் எல்லோரும் அப்படித்தானாம். வாஷிங் மெஷின் ஓடும் நாளை வானம்தான் முடிவு செய்யும். நான் பலமாகத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை மேகமூட்டம். மெட்லண்ட்ஸ் கடற்கரைக்குப் போனோம். வெள்ளை மணல் நீண்டு கிடக்க, எங்கள் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. சாலையை ஒரு பழுப்பு வாத்து சாவகாசமாகக் கடந்தது, கார் காத்திருந்தது. தாமிரம் தோண்டியவர்கள், மரம் வெட்டியவர்கள், எல்லோரும் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போன பிறகு காடு மெல்லத் திரும்ப வளர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு அந்த இடம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"சிட்டி ஆசுப்பத்திரியில ஒரு ஆளைப் பாப்பன், அடுத்த நாள் அந்தக் கட்டில்ல வேற ஆள்" என்றாள் சுகந்தி. "சுகமாகிப் போனாரோ எண்டுகூடத் தெரியாது. இஞ்ச எண்டா கடையில கண்டு கதைக்கலாம்."

"நான் கம்ப்யூட்டர்காரன். கரண்ட் போனா என் பொழப்பே போச்சு" என்றேன்.

அன்று இரவு எரிவாயு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலையை மிக்சியில் போட்டுத் திருகினேன். பெரிய சாமான் என்றால் ஹீட்டர், வாஷிங் மெஷின். மிக்சியை நம்மில் யார் அந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? அது இன்னொரு கை மாதிரி. ஒரு உறுமல், அவ்வளவுதான். விளக்கு அணைந்தது. எதிரே ஹெலன் வீட்டு விளக்கும் அணைந்தது. அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரக்பி வர்ணனையும் நின்றது.

அடுப்பின் நீலச் சுடரைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. உண்மையாகவே பயந்துபோனேன்.

"அப்பிடியே நில்லுங்கோ" என்றது சுகந்தியின் குரல். சுவரைத் தடவாமல், எதிலும் இடிக்காமல் நடந்து போய்த் தீப்பெட்டியை எடுத்து மெழுகுவர்த்தியை ஏற்றினாள். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்தவள் அவள். இந்த இருட்டு அந்த நினைவைக் கிளறி அவளை உடைத்துவிடும் என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன். அதைக் கேட்டும்விட்டேன்.

"அங்க கரண்டை நிப்பாட்டினது ஆரெண்டு தெரியும், ஏனெண்டும் தெரியும். எப்ப வருமெண்டு மட்டும் தெரியாது" என்றாள். "இஞ்ச நிப்பாட்டினது நீங்கள். சட்னிக்காக. நாளைக்கு வெயில் வந்தா வந்திடும். இதுக்கு ஏன் பயம்?"

டார்ச்சோடு ஹெலன் வந்தார். மேகத்தால் பேட்டரி ஏற்கெனவே இறங்கியிருந்ததாம். பாதி அரைந்த தேங்காயோடு ஜாரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஜெனரேட்டர் போடட்டுமா என்றார். அதன் இரைச்சலை நினைத்து வேண்டாம் என்றோம். மீதி ஆட்டத்தைப் பக்கத்து வீட்டில் பார்க்கப் போனவர், போகும்போது ஒரு தட்டில் நான்கு இட்லியும் அந்த அரைகுறைச் சட்னியும் கொண்டுபோனார்.

ஞாயிறு காலை நல்ல வெயில். பேட்டரி ஏறி விளக்கு வந்தது. கப்பலுக்குப் போகும் வழியில் எதிரே மரப்பலகை லாரிக்காரர். அவர் தூக்குவதற்கு முன்பே நான் விரலைத் தூக்கினேன். கப்பல் நகர்ந்தது. மலைகள் நீலமாகிக் கரையும் வரை சுகந்தி பின்தளத்திலேயே நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டிலிருந்து எடுத்துப் போன காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பிளாட் புஷ். சமையலறையில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. இட்லி வெந்துகொண்டிருந்தது. தேங்காயை ஜாரில் போட்டு மூடினேன். சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறீங்கள்?" என்றாள் சுகந்தி.

"வெயில் இருக்கான்னு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். "அப்ப தீவு கிளினிக்கோட கதைக்கட்டே?"

"பேசு" என்றேன்.

அவள் கதைத்து முடிக்கும் வரை மிக்சியைப் போடவில்லை.