யோசித்தவளை மீட்க வந்த அம்மா

கோவில்பட்டியில் ஒரு பொம்பளை வாசல்படியில் சும்மா உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. காய் நறுக்கலாம், போன் பேசலாம், அடுத்த வீட்டைக் குறை சொல்லலாம். கையில் வேலையில்லாமல் தெருவை வெறித்தால் தெருவே கலங்கிவிடும். இது தெரிந்தும் அன்றைக்கு உட்கார்ந்தேன். ஒரு ஸ்பானியச் சொல் படுத்திய பாடு அப்படி.

ஸ்பானிய நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் புத்தகம். அதில் மனைவியை இழந்த ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ‘என்சிமிஸ்மாதோ’ என்கிறது நாவல். ஆழ்ந்த யோசனையில் இருப்பவர், தனக்குள்ளேயே போய்விட்டவர். ஆங்கிலத்தில் இதற்கு ‘லாஸ்ட் இன் தாட்’ என்பார்கள். அவர் எங்கே தொலைந்தார்? தன் வீட்டில்தானே இருக்கிறார்? தமிழும் லேசுப்பட்டதல்ல, சிந்தனையில் மூழ்கினார் என்று ஆளைத் தள்ளிவிடும். எங்கள் கரிசலில் மூழ்கத் தண்ணீருக்கு எங்கே போவது? சாயங்காலத்துக்குள் நல்லதாக ஒன்று சொல்லாவிட்டால் ‘லாஸ்ட்’டே இருக்கட்டும் என்று எடிட்டர் எழுதிவிட்டார்.

எதிர்வீட்டு அக்கா, “என்ன தாயி, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டிருக்கிறாள். என் காதில் விழவேயில்லை. காலையில் என் வீட்டுக்காரர் தோசை தீய்ந்த கோபத்தில் உர்ரென்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதையும் அவள் பார்த்திருக்கிறாள். இரண்டையும் கூட்டிப் பார்த்து, விளாத்திகுளத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மத்தியானம் அம்மா வந்து இறங்கினாள். கையில் பெரிய காலிப் பை.

“ஏட்டி, துணிமணிய எடுத்து வை. அவிய வாரதுக்குள்ள கெளம்பிருவோம்.”

“எங்கம்மா?”

“நம்ம வீட்டுக்கு. மாப்பிள்ளை கைய நீட்டினாவளா? மறைக்காமச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. தெருவை வெறித்தவள் இப்போது சிரிக்கவும் செய்கிறாளே என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாவலையும் அந்தச் சொல்லையும் சொல்லி முடித்தேன்.

“ஒரு வார்த்தைக்கா? எட்டயபுரம் வரைக்கும் அழுதுகிட்டே வந்திருக்கேன் நான். பக்கத்து சீட்டுக்காரி யாரு எறந்தாவன்னு கேக்கா.”

திட்டிக்கொண்டே உலை வைத்தாள். திட்டு காதில் விழ விழ எனக்கு வேலை ஓடியது. ‘ஃபார் இன்ஸைடு ஹிம்செல்ஃப்’ என்று அடித்தேன். தனக்குள் வெகுதூரம் போயிருந்தார் என்று அர்த்தம். எடிட்டர் சரி என்று பதில் போட்டார். வீட்டுக்காரர் வந்ததும், அம்மா அவருக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். மனதுக்குள் அவரை அடித்த அடிக்குப் பரிகாரம்.

இருந்துவிட்டுப் போ என்றால் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்றேன். அதுவரை ஓயாமல் பேசியவள் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ வெறித்தாள்.

“என்னம்மா யோசனை?”

“ஒண்ணுமில்லட்டி.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நீ வந்திருவேன்னு ரூமத் தூத்து, ஒன் மெத்தைய வெயில்ல காயப்போட்டுட்டு வந்தேன். போயித்தான் எடுத்து உள்ள வைக்கணும்.”